வீட்ல வச்சுப் பாக்குற கடைசிக்கட்ட நோயாளி: வலி, புண், சாப்பாடு, மூச்சு, சான்றிதழ் (மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு)

செவிலி_மேலூர்

"இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்குங்க"ன்னு சீட்டு எழுதிக் குடுத்த மறுநாள்லயிருந்து என்ன செய்யணும்னு ஆளாளுக்குத் தனி இழை போட்டுக் கேக்குறீங்க. எல்லாத்தையும் இங்கயே போடுவோம்.

முதல்ல ஒரு குழப்பம். வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற ஆதரவு சிகிச்சையை (பேலியேட்டிவ்) நோய் கண்டுபிடிச்ச நாள்லயே தொடங்கலாம். கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறது எல்லாத்துக்கும் கூடவே நடக்கும். ஹாஸ்பிஸ்ங்கிறது அதோட கடைசிப் பகுதி. நோயைத் துரத்துறதை நிறுத்திட்டு ஆளோட அவஸ்தையைக் குறைக்கிறது. அமெரிக்காவுல ஆறு மாசத்துக்கு மேல தாங்காதுன்னு மருத்துவர் எழுதிக் குடுத்தாத்தான் அதுல சேர்ப்பாங்க. நம்ம ஊர்ல அந்தக் கணக்கு கிடையாது.

கட்டடம் இருந்தாத்தான் ஹாஸ்பிஸ்னும் இல்லை. 1967-ல லண்டன்ல சிசிலி சாண்டர்ஸ் தொடங்கினது கட்டடம். 1993-ல கோழிக்கோட்டுல தொடங்கி கேரளா முழுக்கப் பரவினது வீடு தேடிப் போற வழி. நமக்கு ஒத்து வர்றது ரெண்டாவதுதான். தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வர்றது ரத்த அழுத்த மாத்திரை மட்டும் இல்லை, படுக்கையில இருக்கிறவங்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வைங்க. பதியாம "யாருமே வரலை"ன்னு சொல்றவங்கதான் அதிகம். வழி தெரியலைன்னா 104-க்கு அடிச்சுக் கேளுங்க.

உசிலை_பாண்டி

அக்கா, வலிக்குத்தான் முதல்ல சொல்லுங்க. டிராமடாலுக்கு அடங்கலைன்னா மார்பின்னு எழுதுறாங்க. மெடிக்கல்ல போய்க் கேட்டா கஞ்சா கேட்ட மாதிரி பாக்குறாங்க.

மருந்தாளுநர்_கேகேநகர்

சாதாரண மருந்துக்கடையில் அது இருக்காது தம்பி, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மார்பின், ஃபென்டனில் போன்றவை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசிய மருந்து என்று தனியாகப் பிரித்தார்கள். அதன்படி அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அவற்றை வாங்கி வைத்து நோயாளிக்குத் தரலாம். ஆகவே மருத்துவரிடம் "மார்பின் எந்த இடத்தில் தருகிறார்கள்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கடை கடையாக அலைய வேண்டாம். மருந்துச் சீட்டை மாத்திரைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், வழியில் யார் கேட்டாலும் காட்ட வேண்டியிருக்கும்.

இனி மாத்திரை. அளவு உங்கள் மருத்துவர் சொல்வதுதான். பொதுவான வழக்கத்தைச் சொல்கிறேன், சீட்டில் இருப்பது புரிவதற்காக. சாதாரண மார்பின் மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் நிற்கும். இதுவரை மார்பின் எடுக்காதவருக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். வயதானவர், உடல் வற்றியவர் என்றால் 2.5. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு வேளை அளவைச் சேர்த்துக் கொடுப்பது உண்டு, நடுராத்திரி 2 மணிக்கு எழுப்பாமல் இருக்க.

வீட்டில் நடக்கும் பெரிய தப்பு இங்கேதான். வலி வந்தால் கொடுக்கலாம் என்று காத்திருப்பார்கள். வலி ஏறிய பிறகு கொடுக்கும் மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை நோயாளி துடிப்பார். "மருந்து கேட்கவில்லை" என்று முடிவு கட்டுவார்கள். மருந்து கேட்காமல் இல்லை, நேரம் தவறிவிட்டது. சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, கொடுத்த நேரத்தையும் அப்போது வலி பத்துக்கு எத்தனை என்பதையும் எழுதுங்கள். இடையில் வலி வெட்டினால் ஒரு வேளை அளவைக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். அதையும் குறியுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு முறை கூடுதல் தேவைப்பட்டால் அடிப்படை அளவை உயர்த்த வேண்டும் என்று பொருள். அந்தத் தாள் இல்லாமல் மருத்துவர் கணக்குப் போட முடியாது.

மார்பின் தொடங்கினால் டிராமடாலை நிறுத்தச் சொல்வார்கள். சீட்டைக் காட்டிக் கேளுங்கள், இரண்டும் ஒரே வழியில் வேலை செய்பவை. 12 மணி நேர மாத்திரை கொடுத்திருந்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பாதி நாள் மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும்.

உசிலை_பாண்டி

மார்பின் ஆரம்பிச்சா ஆள் சீக்கிரம் போயிருவாருன்னு ஊர்ல பேசுறாங்களே?

செவிலி_மேலூர்

சாகப்போற நேரத்துல மட்டும் குடுத்துக் குடுத்து அந்தப் பேரை வாங்கிக் குடுத்துட்டாங்க, பாவம். முதல் ரெண்டு மூணு நாள் நல்லாத் தூங்குவாங்க. பாதித் தூக்கம் மருந்தால, மீதி பல நாள் வலியில தூங்காத கடன். தட்டிக் கூப்பிட்டா கண்ணு முழிச்சுப் பதில் சொன்னா பயப்பட வேண்டாம். எழுப்பினாலும் முழிக்கலை, கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு, நிமிஷத்துக்கு மூச்சு எட்டுக்குக் கீழன்னா அடுத்த வேளையைக் குடுக்காம உடனே மருத்துவருக்குப் போன் அடிங்க. கை கால் வெடுக் வெடுக்குனு தன்னால இழுத்தா அதையும் சொல்லுங்க. சிறுநீரகம் சோர்ந்தவங்களுக்கு மார்பின் கழிவு உடம்புலயே தங்கிப்போகும். அப்ப மருந்தையே மாத்துவாங்க.

குமட்டல் ஒரு வாரத்துல போயிரும். போகாதது மலச்சிக்கல். மார்பின் சீட்டுல பேதி மாத்திரை எழுதலைன்னா கேட்டு வாங்குங்க. பைசகோடைல் 5 மில்லிகிராம் ரெண்டு, ராத்திரிக்குன்னு சாதாரணமா ஆரம்பிப்பாங்க. இசப்கோல் கரைச்சுக் குடுக்காதீங்க. அதுக்கு நிறையத் தண்ணி வேணும். இவங்க குடிக்கிறது ரெண்டு மடக்கு. உள்ள போய்க் களி மாதிரி இறுகிரும்.

இன்னொண்ணு. நாலஞ்சு நாள் போகாம இருந்தவருக்குத் திடீர்னு தண்ணி தண்ணியாப் போகும். "பேதியாகுது"ன்னு பேதி மாத்திரையை நிறுத்திருவாங்க. அது பேதி இல்லை. கெட்டி மலம் அடைச்சு நிக்க, அதைச் சுத்தி வழியுது. வயித்தத் தடவிப் பாத்தா கல்லுக் கல்லா இருக்கும். எனிமா குடுத்து எடுக்கணும், செவிலியரைக் கூப்பிடுங்க.

திருமங்கலம்_கவிதா

தோல்ல ஒட்டுற ஃபென்டனில் பேட்ச் பத்தியும் சொல்லுங்க. முழுங்க முடியாதவங்களுக்கு அதுதான் எழுதுறாங்க.

மருந்தாளுநர்_கேகேநகர்

72 மணி நேரத்துக்கு ஒன்று. ஒட்டியதும் வலி குறையாது. மருந்து தோலுக்குள் ஊறி நிலைக்கு வர 12 முதல் 24 மணி நேரம். அதுவரை பழைய மருந்தும் வேண்டும். எடுத்த பிறகும் அதே அளவு நேரம் உடம்பில் இருக்கும். முடியில்லாத, காய்ந்த தோலில் நெஞ்சிலோ மேல்கையிலோ ஒட்டி அரை நிமிடம் உள்ளங்கையால் அழுத்துங்கள். தேதியும் நேரமும் பேட்ச் மேல் எழுதிவிடுங்கள். அடுத்ததை வேறு இடத்தில் ஒட்டுங்கள்.

சித்திரை வெயிலில் ஓடு வேய்ந்த, தகரம் போட்ட வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும். காய்ச்சல், வெந்நீர் ஒத்தடம், ஜன்னல் வழியாக நேராக அடிக்கும் வெயில், எல்லாமே கணக்கு. வேர்வையில் ஓரம் கழன்றால் மேலே மருத்துவ டேப். வெட்டிப் பாதி ஒட்டாதீர்கள். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே மடித்து, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் போடுங்கள். பழசிலும் மருந்து மிச்சம் இருக்கும்.

தெப்பக்குளத்தான்

எல்லா வலிக்கும் மார்பின் மட்டுமே வழின்னு நினைக்காதீங்க. எரியுது, கரண்ட் அடிக்குது, ஊசி குத்துதுன்னு சொன்னா நரம்பு வலி. அதுக்கு அமிட்ரிப்டிலின், பிரகாபலின் மாதிரி வேற மாத்திரை. எலும்புல பரவின வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு நல்லாக் குறையும். "இனிமே எதுக்குக் கரண்ட்"னு விட்டுறாம பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரியில ஒரு தடவை கேட்டுப் பாருங்க. குணப்படுத்த இல்லை, வலிக்கு மட்டும். இதைத் தெளிவாச் சொல்லிக் கேக்கணும்.

திருமங்கலம்_கவிதா

படுக்கைப்புண்ணுக்கு வாட்டர் பெட்டா, ஏர் பெட்டா?

பிசியோ_திருநகர்

காத்து மாறி மாறி ஏறி இறங்குற ஏர் பெட். பனகல் ரோட்டு சர்ஜிக்கல் கடைகள்ல விசாரிங்க, வாடகைக்குக் கிடைக்குமான்னும் கேளுங்க. வாட்டர் பெட் நம்ம ஊர் வெக்கைக்கு முதுகு வேர்த்து ஊறிப்போகும். கரண்ட் போனா ஏர் பெட்ல காத்து இறங்க ஆரம்பிக்கும், அதையும் யோசிச்சு வைங்க. மேல ஒரே ஒரு பருத்தி விரிப்பு. பழைய வேட்டி இருந்தா அதுதான் முதல் தரம். ரப்பர் ஷீட், போர்வை, பெட்ஷீட்னு நாலு மடிப்பு போட்டா மெத்தை வேலையே செய்யாது.

மெத்தை வாங்கிட்டோம்னு புரட்டுறதை நிறுத்திராதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. முழுசா ஒருக்களிச்சுப் போட்டா இடுப்பு எலும்பு அழுந்தும். முதுகுப் பக்கம் ஒரு தலையணையை அணைச்சுக் குடுத்து லேசா, முப்பது டிகிரி சாய்வு போதும். குதிகாலுக்கு அடியில தலையணை வைக்காம கெண்டைக்காலுக்கு அடியில வைங்க, குதிகால் அந்தரத்துல நிக்கணும். நடுவுல ஓட்டை உள்ள காத்து வளையம் வேண்டவே வேண்டாம். சுத்தியிருக்கிற ரத்த ஓட்டத்தை அதுவே நெரிச்சிரும். தூக்கும்போது இழுக்காதீங்க. தோல் விரிப்புல உரசி உரிஞ்சதுதான் பாதிப் புண்ணு. விரிப்போட சேத்து ரெண்டு பேர் தூக்கணும்.

சிவந்த இடத்தை விரலால அமுக்கி எடுங்க. வெளுத்துட்டுத் திரும்பச் சிவந்தா இன்னும் நேரம் இருக்கு. சிவப்பு மாறாம நின்னா புண்ணு ஆரம்பிச்சாச்சு. அந்த இடத்தைத் தேய்ச்சு விடாதீங்க.

செவிலி_மேலூர்

வெளிய வெடிச்ச புத்துநோய்ப் புண்ணுக்கு: அரை லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. அன்னன்னைக்குப் புதுசாப் போடுங்க. பழைய துணி ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க, ரத்தம் கொட்டும். இந்தத் தண்ணியை ஊத்தி ஊறவிட்டா தானா வரும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம்.

வாடைதான் வீட்டுக்காரங்களை ஒடைச்சிரும். பேத்தி பக்கத்துல வர மாட்டேங்குதேன்னு நோயாளி மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாப் பொடிச்சு, கழுவின புண்ணு மேல தூவிக் கட்டினா ரெண்டு மூணு நாள்ல வாடை நல்லாக் குறையும். அரைகுறையாப் பொடிச்சா தானியமா நின்னு குத்தும், துணியில சலிச்சுக்குங்க. ஈ உக்காராமப் பாருங்க, கொசுவலை பகல்லயும் கட்டலாம். புழு வச்சிருச்சுன்னா கூச்சப்படாம செவிலியர்கிட்ட சொல்லுங்க. டர்பன்டைன் நனைச்ச பஞ்சைப் புண்ணு ஓரத்துல வச்சா அதுங்க வெளிய வரும், எடுத்துறலாம். ரத்தம் கசியிற புண்ணு இருந்தா கருஞ்சிவப்பு, பச்சைத் துண்டுகளை எடுத்து வைங்க. வெள்ளைத் துண்டுல ரெண்டு ஸ்பூன் ரத்தமும் ஒரு சொம்பு மாதிரித் தெரியும்.

அவனியாபுரம்_அக்கா

எங்க வீதியில பெரிய சண்டையே சாப்பாட்டுக்குத்தான். "பட்டினி போட்டுக் கொல்றீங்களா"ன்னு சொந்தக்காரங்க வந்து கேப்பாங்க. டியூப் போடச் சொல்லுவாங்க. இல்லைன்னா தெருமுனையில இருந்து கம்பவுண்டரைக் கூட்டி வந்து ரெண்டு பாட்டில் ஏத்துவாங்க.

தெப்பக்குளத்தான்

குளுக்கோஸ் ஏத்துறதுல ஒரு தப்பும் இல்லையே? ஒரு தெம்பு வருதுல்ல?

செவிலி_மேலூர்

தப்பு இருக்கு அண்ணே. ஒரு அரை லிட்டர் பாட்டில் 5 சதவீத குளுக்கோஸ்ல இருக்கிறது 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய ரெண்டு இட்லி அளவுதான். தெம்பு வர்றது பாக்குறவங்களுக்கு. கடைசி நாள்கள்ல சிறுநீரகமும் இதயமும் அந்தத் தண்ணியை வெளியேத்தாது. காலு வீங்கும், நுரையீரல்ல கோத்துக்கும், நெஞ்சுல களகளன்னு சத்தம் கூடும். சாப்பிடாததால உடம்பு அணையலை. உடம்பு அணையிறதால சாப்பாடு வேண்டாம்னு சொல்லுது. குடலடைப்பு, தொண்டைக் கட்டி மாதிரி வேற காரணம் இருந்து, ஆள் இன்னும் நடமாட்டத்துல இருந்தா அது வேற கணக்கு, அப்ப டியூபும் டிரிப்பும் உதவும். எந்தக் கட்டத்துல இருக்காங்கன்னு மருத்துவர்கிட்ட கேளுங்க.

கேட்டதைக் கேட்ட நேரத்துக்கு ரெண்டு ஸ்பூன். உக்கார வச்சு, நாடி கொஞ்சம் கீழ குனிஞ்சாப்ல. தண்ணிதான் சட்டுன்னு மூச்சுக்குழாய்க்குள்ள போகும், கெட்டியா இருக்கிறது மெதுவா இறங்கும். பருத்திப்பால் அதுக்கு நல்ல பதம். ஜிகர்தண்டா கேட்டா ஜிகர்தண்டாவே குடுங்க, சர்க்கரை நோய்னு இப்பப் போய்க் கணக்குப் பாக்காதீங்க. முழுங்கினதும் இருமினா நிறுத்திருங்க. மயக்கத்துல இருக்கிறவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க.

பசி இல்லாட்டியும் வாய் காயும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நனைச்ச பஞ்சால துடைச்சு உதட்டுல எண்ணெய் தடவுங்க. நாக்குல தயிர் மாதிரி வெள்ளை படிஞ்சு எரிஞ்சா பூஞ்சைக்காளான், மருந்து இருக்கு.

மருந்தாளுநர்_கேகேநகர்

சர்க்கரை என்றதும் ஒன்று. சாப்பாடு பாதியாகக் குறைந்த பிறகும் பழைய சீட்டுப்படி கிளிமிபிரைடும் இன்சுலினும் போய்க்கொண்டிருக்கும். இரவில் வேர்த்துக் கொட்டி நினைவு தப்பும், "முடிவு வந்துவிட்டது" என்று ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். சர்க்கரை 40-ல் இருக்கும். சாப்பாடு குறையத் தொடங்கிய வாரமே மருந்துச் சீட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பு மாத்திரை, வைட்டமின் எல்லாம் நிறுத்தலாமா என்றும் அப்போதே கேளுங்கள். விழுங்குகிற நாலு மடக்கும் வலி மருந்துக்கு வேண்டும்.

உசிலை_பாண்டி

மூச்சு வாங்குறதுக்கு ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்கலாமா?

பிசியோ_திருநகர்

விரல்ல மாட்டிப் பாக்குற கருவியில அளவு குறைஞ்சிருந்தா எடுங்க. அளவு நல்லா இருந்தும் மூச்சு வாங்கினா ஆக்சிஜனால பெரிய பிரயோஜனம் இல்லை. டேபிள் ஃபேனை மூஞ்சிக்கு நேரா, கன்னத்துல படுற மாதிரி வச்சாலே திணறல் குறையும். ஜன்னலைத் திறங்க, சுத்தி நிக்கிற கூட்டத்தை வெளிய அனுப்புங்க. முன்னால ஒரு மேசையில தலையணை போட்டு அதுல கையை ஊனிச் சாய்ஞ்சு உக்காந்தா நெஞ்சு விரியும். குறைஞ்ச அளவு மார்பினும் மூச்சுத் திணறலுக்கு மருந்துதான், நிறையப் பேருக்கு இது தெரியாது.

5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். ஒரு 150 ஆம்பியர் பேட்டரி இன்வெர்ட்டர்ல மூணு மணி நேரம் ஓடினா அதிகம். மின்நிறுத்த நாள் பேப்பர்ல வரும், அன்னைக்குச் சின்ன சிலிண்டர் ஒண்ணு தயாரா வைங்க. ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பு ஆகாது; சாமி விளக்கு, ஊதுபத்தி வேற ரூம்ல.

திருமங்கலம்_கவிதா

கடைசி ரெண்டு மூணு நாள்ல என்னென்ன நடக்கும்? எப்ப 108 கூப்பிடணும்?

செவிலி_மேலூர்

பெரும்பாலும் தூக்கம். ஒண்ணுக்கு குறைஞ்சு டீ டிக்காஷன் நிறத்துல வரும். பாதம், முழங்கால் சில்லுன்னு ஆகி நீலமும் சிவப்புமாத் திட்டுத் திட்டாத் தெரியும். மூச்சு வேகமாப் போய், குறைஞ்சு, அரை நிமிஷம் நின்னு, திரும்ப ஆரம்பிக்கும். சேடம் இழுக்குதுன்னு சொல்றோமே, அது தொண்டையில தேங்கின எச்சிலை முழுங்கவோ இருமவோ முடியாம வர்ற சத்தம். கேக்குறவங்களுக்குத்தான் நடுக்கம், அவங்க அந்த நேரம் அநேகமா உணர்ற நிலையில இருக்க மாட்டாங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு வாயை வழியவிடுங்க. குழாயை உள்ள விட்டு உறிஞ்சினா சளி இன்னும் ஊறும். சத்தத்தைக் குறைக்கிற ஊசி மருந்து இருக்கு, தோலுக்கடியிலயே போடலாம், நரம்பு தேட வேண்டாம். சத்தம் வந்த பிறகு குடுக்குறதை விட ஆரம்பத்துலயே குடுத்தாத்தான் வேலை செய்யும்.

திடீர்னு புரண்டு புரண்டு துணியைப் பிச்சு எறிஞ்சா, பிசாசு பிடிச்சிருக்குன்னு யாராவது சொல்றதுக்கு முன்னால அடிவயித்தைத் தொட்டுப் பாருங்க. மூத்திரம் அடைச்சிருந்தா உருண்டையா நிக்கும். மூத்திர டியூப் இருந்தா மடங்கியிருக்கான்னு பாருங்க. பை இடுப்புக்குக் கீழ தொங்கணும்.

பால் ஊத்துறதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனா சங்குல ஊத்தாதீங்க. பஞ்சை நனைச்சு உதட்டுலயும் நாக்கு நுனியிலயும் தொட்டு வைங்க. பத்துப் பேரும் வரிசையா அப்படியே வைக்கலாம், சாங்கியம் நிறைவேறும், புரையும் ஏறாது.

அவனியாபுரம்_அக்கா

விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல்னு பேப்பர்ல வந்துச்சே, எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி இளநி குடுக்குறது. இதுவும் அதுவும் ஒண்ணுதானேன்னு கேக்குறாங்க.

தெப்பக்குளத்தான்

ரெண்டும் நேர் எதிர். அது ஆளை முடிக்கிறது, சட்டப்படி கொலை. இங்க வலியைத்தான் முடிக்கிறோம், ஆள் தன் நேரத்துக்குப் போவார். வெண்டிலேட்டர் வேண்டாம்னு சொல்றதும் தனி. 2018 மார்ச் 9-ல உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஒத்துக்கிச்சு. முன்கூட்டியே எழுதி வைக்கிற முறையை 2023 ஜனவரியில எளிமையாக்கினாங்க. 18 வயசு முடிஞ்சு, புத்தி தெளிவா இருக்கும்போது எழுதி, ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லைன்னா கெசட்டட் அதிகாரி கையெழுத்து. முன்ன மாதிரி மாஜிஸ்திரேட்டைத் தேட வேண்டாம். யார் பேசி முடிவெடுக்கணும்ங்கிற பேரையும் அதுல எழுதுங்க. இல்லைன்னா சிங்கப்பூர்ல இருந்து இறங்குற அண்ணன் வந்து எல்லாத்தையும் மாத்துவார்.

108 கேள்விக்கு: திடீர்னு கால் ரெண்டும் மரத்துப் போனா, எலும்பு முறிஞ்சா, வலி எதுக்கும் அடங்கலைன்னா தாராளமாக் கூப்பிடுங்க. எதிர்பார்த்த மூச்சு அடங்குறப்ப கூப்பிட்டா நெஞ்சை அமுக்குவாங்க. அது அவங்க கடமை. இறந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா போலீஸ் தகவல், பிரேதப் பரிசோதனைன்னு இழுக்க வாய்ப்பிருக்கு. அதனால வழக்கமாப் பாக்குற மருத்துவர் நம்பர் சுவத்துல இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்தா விடியட்டும், அவசரம் இல்லை. அவர் வந்து பாத்து இறப்புக் காரணச் சான்று எழுதுவார், வீட்டுல நடந்த இறப்புக்குப் படிவம் 4 ஏ. தத்தனேரியோ மூலக்கரையோ, மயானத்துல அதைக் கேப்பாங்க. இறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், கிராமத்துல வி.ஏ.ஓ., மாநகராட்சியில சுகாதாரப் பிரிவு. ஆதார்ல பேர் எப்படி இருக்கோ அப்படியே எழுதச் சொல்லுங்க. ஒரு எழுத்து மாறினாலும் வங்கியிலயும் பட்டா மாத்தும்போதும் அலைய விடுவாங்க.

உசிலை_பாண்டி

மிச்ச மார்பின் மாத்திரை இருந்தா என்ன செய்யிறது? குப்பையில போட்டுறலாமா?

மருந்தாளுநர்_கேகேநகர்

வேண்டாம். எண்ணி, ஒரு தாளில் எத்தனை என்று எழுதி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒட்டாத பேட்ச் இருந்தால் அதுவும். பக்கத்து வீட்டில் இன்னொருவருக்கு வலி என்று தூக்கிக் கொடுக்காதீர்கள். அவருக்கு அளவு வேறு.

உசிலை_பாண்டி

சரிங்கண்ணே. காலண்டர் பக்கத்துல தாள் ஒட்டியாச்சு.